‘பூட்டி அழுது நான் பார்த்ததில்லை… நான் மட்டும் ஏன் இப்படி ஆனேன்?’

அன்புள்ள மேடம்,

எனக்கு 34 வயது. கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் லேத் பட்டறையில் சூப்பர்வைசர். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள்.

நாலு மாதத்துக்கு முன்னால், ஐந்தரை மாதத்தில், என் இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. காலையிலிருந்து அசைவு இல்லையே என்று போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரசவம் மாதிரியே வலி வர வைத்துத்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. கணவரும் அவர் அண்ணனும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். ‘பார்த்தால் தாங்க மாட்டாய்’ என்று சொல்லி என்னைப் பார்க்க விடவில்லை. எங்கே வைத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவே முடியாமல் போன நாள்.

கம்பெனியில் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள். முடிந்ததும் போனேன். போகிறேன், வருகிறேன், அவ்வளவுதான். வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. சாப்பாடு இறங்குவதில்லை. மகள், ‘பாப்பா எங்கம்மா?’ என்று கேட்டபோது ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்லிவிட்டேன். இப்போது எந்த பஸ்ஸைப் பார்த்தாலும், ‘இதுல பாப்பா வருமா?’ என்கிறாள். சில நாள், விடியாமலே போனால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றுகிறது.

போன வாரம் அம்மா வந்திருந்தார். நான் படுத்தே கிடப்பதைப் பார்த்துவிட்டு, ‘ரெண்டு பிள்ளையப் பொதைச்சுட்டு மறுநாளே பிரட்டுக்குப் போனவ உன் பூட்டி. நீ அவ வளர்த்த பிள்ளைதானா?’ என்றார். பிரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் பேர் கொடுத்து வேலைக்கு நிற்பது. அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னை எப்படியாவது எழுப்பிவிட வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. அதைக் கேட்கத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பூட்டி என்றால் என் தாத்தாவின் அம்மா. அம்மாவும் அப்பாவும் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு விடியும் முன்னே போய்விடுவார்கள். என்னை வளர்த்தது பூட்டிதான். பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். பாஸ்போர்ட்டில் பிறந்த வருஷம் 1926 என்று இருக்கும். பத்து வயதில் கொழுந்து பறிக்கப் போனதாகச் சொல்வார். கூடைக் கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிட்டுப் பறிப்பார்களாம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கயிறு ஒரே இடத்தில் அழுத்தி, அங்கே முடி முளைக்காமல் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சனிக்கிழமை பூட்டிக்கு எண்ணெய் வைப்பது என் வேலை. உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்த்தால், என் சுண்டுவிரல் சரியாக அந்தப் பள்ளத்தில் உட்காரும். ‘வலிக்குதா பூட்டி?’ என்று கேட்பேன். ‘அது வலிச்சு முடிஞ்ச எடம்டி’ என்பார்.

1948இல் அங்கே குடியுரிமை போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். பூட்டி குடும்பத்துக்கு இந்தியா வந்தது. மூத்த மகளைக் கட்டிக்கொடுத்திருந்த வீட்டுக்காரர்கள் இலங்கைக் குடியுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தார்கள். 1972இல் பூட்டனும் பூட்டியும், தாத்தாவும் ஆயாவும், மூன்று வயதுக் குழந்தையாக என் அம்மாவும் கிளம்பினார்கள். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது மகள் பிளாட்பாரத்தில் நின்றாளாம். அந்த ரயிலுக்கே ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் பேராம். ஏறுகிறவர்களும் அழுவார்கள், நிற்கிறவர்களும் அழுவார்கள். ‘நான் அழல. அவ வயித்துல பிள்ள இருந்துச்சு. நான் அழுதா அவ விழுந்துருவா’ என்று பூட்டி சொல்வார். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் திரும்பவும் கூடை. மகளை அதற்கப்புறம் பூட்டி பார்க்கவே இல்லை. கடிதம் வந்துகொண்டிருந்தது. 83 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. கப்பலும் 84இல் நின்றது.

மண்டபத்தில் ஒரு மாதம் பூட்டி படுத்துவிட்டதாகத் தாத்தா சொல்வார். பேச்சே இல்லையாம். பக்கத்து லயத்திலிருந்து கூட வந்த ஓர் அக்காதான் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டாராம். முகாம் காய்ச்சலாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த பூட்டி அழுததே இல்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். எழுபது வயதிலும் காலை நாலரைக்கு எழுந்து விறகு அடுப்பில் ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்துவிடுவார். சாயங்காலம் முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு அரிசி புடைக்கும்போது ஏதோ ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார். கோச்சி, கடல், மலை என்று வரும். நான் மடியில் தலை வைத்துத் தூங்கிவிடுவேன். அந்தப் பாட்டுச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு.

பூட்டியிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. கப்பலில் வந்த பெட்டி. அதில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் இருக்கும். பாஸ்போர்ட்டுக்காக எடுத்து வைத்தது. தாத்தாவுடையது, மூத்த மகளுடையது, அப்புறம் லயத்திலேயே காய்ச்சலில் செத்துப்போன இரண்டு பிள்ளைகளுடையதும். ஒன்றுக்கு மூன்று வயது, ஒன்றுக்கு எட்டு மாதம். பூட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தேத்தண்ணிக் கறை பட்டது யாருடையது, மூலை கிழிந்தது யாருடையது, நாலாக மடித்தது யாருடையது என்று தெரியும். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், ஆடி மாதம் மழையில் வீட்டோடு கிடக்கும் நாளில் பெட்டியைத் திறப்பார். ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்து, ‘படி’ என்பார். நான் பேரைப் படிப்பேன். ‘ம்’ என்பார். அடுத்தது. நாலும் முடிந்ததும் உள்ளே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். அப்போதும் அழவில்லை.

2009இல் இறந்தார். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கல்யாணம், முதல் பிரசவம், கடன் என்று எது வந்தாலும் ‘நான் பூட்டி வளர்த்த பிள்ளை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். இந்தத் தடவை அதைச் சொன்னால் எழுந்திருக்க முடியவில்லை, வெட்கம்தான் வருகிறது. நாடு போய், மகள் போய், இரண்டு பிள்ளை போய் நின்றார் ஒருத்தர். முகமே பார்க்காத ஒரு பிள்ளைக்கு நான் இப்படிக் கிடக்கிறேன். அந்த மன உறுதி என்னிடம் வரவில்லையா, அல்லது நான்தான் தொலைத்துவிட்டேனா? அதை எப்படித் திரும்ப எடுப்பது?

— பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

•

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகன் இறந்ததற்கு முதலில் என் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். மகன் என்றுதான் எழுதுகிறேன். ‘முகமே பார்க்காத பிள்ளை’ என்று நீங்கள் அவனைச் சின்னதாக்கிச் சொல்கிறீர்கள். ஐந்தரை மாதம் அவனைச் சுமந்து, அவன் அசைவை உள்ளே உணர்ந்தவர் நீங்கள். வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு அவன் உங்களுக்குத் தெரிந்தவன். பால் கட்டிய அந்த மூன்றாம் நாளை நீங்கள் மறக்க முடியாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

பூட்டியைப் பற்றிப் பேசும் முன் ஒரு விஷயம். அதைத் தள்ளிப்போட முடியாது. ‘விடியாமலே போனால் நன்றாக இருக்குமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கணவரிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இன்று இரவே சொல்லுங்கள். என் கடிதத்தை அவர் கையில் கொடுத்தாலும் போதும். நாலு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, வேலையில் கவனம் இல்லை, அதோடு இந்த எண்ணம் என்றால், துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கலாம். கடிதத்தை வைத்து நான் அப்படி முடிவு கட்ட முடியாது. ஒரு மனநல மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போவதானாலும் சரி, இந்த வாரமே போங்கள். கூடவே ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். குழந்தை தங்காமல் போன சில மாதங்களில் தைராய்டு மாறுவது உண்டு. அந்தச் சோர்வும் மனச்சோர்வு மாதிரியேதான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு அந்த எண்ணம் வந்தால் தனியாகப் படுத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கணவரை எழுப்புங்கள். ‘டெலி மானஸ்’ 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசாங்கத்தின் இலவசச் சேவை, நாள் முழுக்க உண்டு, தமிழிலேயே பேசலாம். செத்துவிட வேண்டும் என்றோ, அதை எப்படிச் செய்வது என்றோ மனம் யோசிக்க ஆரம்பித்தால் மருத்துவர் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

சரி, இப்போது பூட்டி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்தபோது, நீங்கள் சொன்ன பூட்டியைத்தான் நானும் பார்த்தேன். அழாதவர், அசையாதவர், பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவர். இரண்டாம் முறை படித்தபோது அதே கடிதத்தில் இன்னொருவர் இருந்தார். அவரைப் பற்றி எல்லாவற்றையும் எழுதியிருப்பது நீங்கள்தான். ஆனால் அவரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று தோன்றியது.

மறுநாள் பிரட்டுக்குப் போன கதையை எடுத்துக்கொள்வோம். பிரட்டுக்களத்தில் காலையில் போய் நின்றால்தான் பேர் விழும். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. அரிசிக்கும் அந்தக் கூலியிலிருந்துதான் பிடிப்பார்கள். இருக்கிற லயக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் பசியோடு இருந்தால், பிள்ளையைப் புதைத்த கையோடு கூடையை எடுப்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு வேறு என்ன வழி இருந்தது? உங்கள் அம்மா அதை மன உறுதி என்கிறார். இருக்கலாம். எனக்கு அதில் முதலில் தெரிவது, அவருக்கு அழ ஒரு நாள்கூடக் கொடுக்கப்படவில்லை என்பதுதான். உங்களுக்குச் சட்டப்படி ஆறு வாரம் கிடைத்தது. உங்கள் பூட்டி உயிரோடு இருந்து அதைக் கேட்டிருந்தால், ‘நான் ஒரு நாளும் எடுக்கலையே’ என்று உங்களைக் குத்திக்காட்டியிருப்பாரா, இல்லை ‘நல்லா இருக்கட்டும், படுத்துக்கோடி’ என்று சொல்லியிருப்பாரா? அவர் மடியில் வளர்ந்தவர் நீங்கள். பதில் உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து மண்டபம். ஒரு மாதம் படுத்துவிட்டார், பேச்சே இல்லை, அடுத்தவர் கஞ்சி ஊட்டினார் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டு, ‘முகாம் காய்ச்சலாக இருந்திருக்கும்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். காய்ச்சலாகவே இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் பிறந்த மண்ணையும் வயிற்றுப் பிள்ளைக்காரியான மகளையும் விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளின் புதைமேட்டையும் அந்த மலையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறி வந்த ஒரு பெண், இறங்கிய இடத்தில் ஒரு மாதம் வாய் திறக்காமல் படுத்துக் கிடந்தார் என்று வேறு ஒரு குடும்பத்தைப் பற்றி யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் காய்ச்சல் என்றா நினைப்பீர்கள்? அவரும் விழுந்திருக்கிறார் அம்மா. நீங்கள் இப்போது படுத்திருப்பது மாதிரியேதான் படுத்திருந்திருக்கிறார். அவர் எழுந்ததில் அந்தப் பக்கத்து லயத்து அக்காவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவர் ஊட்டினார், பூட்டி வாயைத் திறந்தார். ஒருவர் ஊட்டும்போது வாங்கிக்கொள்வதும் லேசான காரியம் இல்லை.

அப்புறம் அந்தப் பாட்டு. கோச்சி, கடல், மலை என்று இழுத்து இழுத்து என்கிறீர்கள். தினமும் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பூட்டி பாடியது என்ன பாட்டு என்று இப்போது யோசித்துப் பாருங்கள். நம் பெண்களுக்கு ஒப்பாரி சாவு வீட்டோடு முடிவதில்லை. நாற்று நடும்போதும் மாவு அரைக்கும்போதும் வரும். கை ஒரு வேலையில் இருக்கும், வாய் தன் பாட்டுக்குத் துக்கத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது வேலைப் பாட்டு. குழந்தைக்குத் தாலாட்டு. என் கணிப்பு தவறாக இருந்தாலும் இருக்கலாம், ஆனால் பூட்டி அழுது நீங்கள் பார்த்ததில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வருஷக்கணக்கில், தினமும் சாயங்காலம், அவர் அழுகையின் மடியில் தலை வைத்துத்தான் நீங்கள் தூங்கியிருக்கிறீர்கள்.

மகள் விஷயம் இதைவிடக் கடினமானது. செத்துப்போன பிள்ளைகளுக்காவது ஒரு புதைமேடு இருந்தது. கடிதம் நின்றுபோன மகள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவர் இருந்திருக்கிறார். இருக்கிறாள் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது, இல்லை என்று அழுது தீர்க்கவும் முடியாது. இப்படி முடிவு தெரியாத இழப்பு மனிதரை அதிகம் அலைக்கழிக்கும் என்பது எங்கள் மனநலத் துறையில் பலரும் ஒப்புக்கொண்ட ஒன்று. காணாமல் போனவர்களின் குடும்பங்களில் இதைப் பார்க்கிறோம். உங்கள் இழப்பிலும் இதன் சாயல் இருக்கிறது. முகம் பார்க்கவில்லை, அடக்கம் பார்க்கவில்லை, இடம் தெரியாது, பேர் இல்லை. அதனால்தான் அது எங்கேயும் போய் உட்கார இடம் இல்லாமல் இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புகிறது என்று நினைக்கிறேன்.

இதற்குப் பூட்டி என்ன செய்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்தார்.

அந்தப் பத்திரங்களைப் பற்றி நான் நிறைய நேரம் யோசித்தேன். தாத்தாவின் தாள் பாஸ்போர்ட்டுக்குத் தேவைப்பட்டது, சரி. செத்துப்போன இரண்டு பிள்ளைகளின் தாளால் யாருக்கு என்ன பயன்? இலங்கை அரசாங்கம் கேட்கப்போவதில்லை, இந்திய அரசாங்கமும் கேட்கப்போவதில்லை. எதை விடுவது எதை எடுப்பது என்று தவித்துக் கட்டிய ஒரு டிரங்குப் பெட்டிக்குள் அவர் அந்த இரண்டு தாளையும் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர், கறையையும் கிழிசலையும் மடிப்பையும் வைத்து யார் யார் என்று தெரிந்து வைத்திருந்தார். எத்தனை தடவை கையில் எடுத்துப் பார்த்திருந்தால் அது தெரியும்! பிறகு, படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு குழந்தை கிடைத்ததும், அந்தப் பேர்களைச் சத்தமாகச் சொல்ல வைத்துக் கேட்டார். தன்னால் செய்ய முடியாததை ஓர் ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு பேர். நாலு ‘ம்’. அப்புறம் அடுப்படி.

உங்களிடம் வரவில்லையே என்று நீங்கள் தேடுவது இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர் எதையும் மறந்துவிட்டு நிற்கவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் இடம் செய்தார், வருஷத்தில் ஒரு நாள் செய்தார், கூட ஓர் ஆளை உட்கார வைத்தார். அப்படி வைத்துக்கொண்டதால்தான் மற்ற நாளில் ரொட்டி சுட முடிந்தது. இதை உங்களுக்கு அவர் வாயால் சொல்லித்தரவில்லை. கையில் கொடுத்து ‘படி’ என்றார்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிள்ளைகளுக்குத் தங்கள் குடும்பக் கதை எவ்வளவு தெரியும் என்று இருபது கேள்விகள் வைத்துப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், குடும்பத்துக்கு என்ன கஷ்டம் வந்தது என்கிற மாதிரிக் கேள்விகள். கதை தெரிந்த பிள்ளைகள் மனதளவில் திடமாக இருப்பதைக் கண்டார்கள். பதில் தெரிந்தால் மட்டும் திடம் வந்துவிடாது, அந்தக் கதைகளைச் சொல்லிக் கேட்கிற வீட்டுச் சூழல்தான் முக்கியம் என்றும் அவர்களே சொன்னார்கள். இதில் நமக்கு வேண்டியது இன்னொன்று: ‘நாங்கள் எல்லாவற்றையும் ஜெயித்தோம்’ என்ற கதையைவிட, ‘நன்றாக இருந்தோம், விழுந்தோம், சேர்ந்து எழுந்தோம்’ என்ற கதைதான் பிள்ளைக்கு உதவுகிறது என்றார் டியூக். உங்கள் வீட்டில் பூட்டியின் கதையை ஒரு பாதி மட்டும் சொல்லிச் சொல்லி, அவரை ஒரு கற்சிலை ஆக்கிவிட்டார்கள். சிலையோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கும் வெட்கம்தான் வரும். மண்டபத்தில் படுத்துக் கிடந்த அந்த 46 வயதுப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. மூன்று வயதில் அந்தக் கோச்சியிலும் கப்பலிலும் வந்த குழந்தை அவர். சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் உடைந்து கிடந்ததைப் பார்த்திருப்பார். ‘எழுந்திரு’ என்பதைத் தவிர வேறு ஆறுதலை அவர் கற்றுக்கொள்ள வாய்ப்பு இருந்ததா தெரியவில்லை. பேரனை இழந்த துக்கம் அவருக்கும் இருக்கும். அதை யாரும் அவரிடம் விசாரித்திருக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியது என்று சில சொல்கிறேன். மருத்துவரைப் பார்ப்பதற்குப் பதிலாக இல்லை, அதோடு சேர்த்து.

கணவரிடம், நம் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்குத் தாங்காது என்று அவர் சொல்லவில்லை, அவருக்குத் தாங்காது என்று நீங்கள் கேட்கவில்லை. அட்டன் ஸ்டேஷனில் தாயும் மகளும் நின்ற மாதிரி இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்கிறீர்கள். மண்ணைப் போட்ட கை அவருடையது. அந்த நாளை அவர் நாலு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார். கேட்டால் இரண்டு பேரும் அழுவீர்கள், அழுங்கள். இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் சேர்ந்து போங்கள். தோன்றவில்லையென்றால் இப்போது வேண்டாம்.

மகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ‘ஊருக்குப் போயிருக்கு’ என்பது அவளைப் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்க வைத்திருக்கிறது. சின்னக் குழந்தைகளிடம் இறந்துவிட்டது என்ற சொல்லையே சொல்வதுதான் நல்லது. தூங்குகிறது, சாமிகிட்ட போயிருக்கு என்றால் தூங்கவும் சாமி கும்பிடவும் பயப்படுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘பாப்பா அம்மா வயித்துலயே இறந்துபோச்சு. இனிமே வராது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரொம்ப வருத்தமா இருக்கு. நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல.’ இவ்வளவு போதும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள், ‘எனக்குத் தம்பி வேண்டாம்னு நெனச்சேன், அதான்’ என்று ரகசியமாகத் தங்கள் மேலேயே பழி போட்டுக்கொள்வார்கள். திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் கண்ணில் தண்ணீர் வந்தால் மறைக்க வேண்டாம்.

ஆபீஸில் ஒரே ஒருவரிடமாவது, ‘எனக்கு இன்னும் சரியாகவில்லை’ என்று சொல்லி வையுங்கள். வீட்டில் சமையலுக்கு யாராவது உதவ வந்தால் மறுக்காதீர்கள். பக்கத்து லயத்து அக்கா என்ற பெயரில் உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

மகனுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று உங்களுக்குள் இருந்தால் வையுங்கள். ஊரைக் கூட்ட வேண்டாம், உங்களுக்கும் கணவருக்கும் தெரிந்தால் போதும். அவன் இருந்தான் என்பதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் படமும் இருக்கும். எங்காவது பில்லோடு பில்லாகக் கிடக்கும், தேடி எடுங்கள். ஸ்கேன் படம் நாளாக ஆக மங்கிவிடும், ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மா வீட்டுப் பரணில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு தடவை கோத்தகிரி போய்விட்டு வாருங்கள். அம்மாவை இறக்கச் சொல்லுங்கள். மண்டபத்தில் என்ன நடந்தது, கஞ்சி ஊட்டிய அக்கா யார், அந்தப் பாட்டில் ஒரு வரியாவது நினைவிருக்கிறதா என்று தாத்தா இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் அம்மாவிடமும் கேளுங்கள். உங்கள் மகனின் தாளையும் அந்த உறைக்குள் வைக்க இடம் இருக்கும். திறக்கும்போது மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்பு என்றீர்களே, அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருக்கும்.